மாயர் குகைக்குச் செல்வோருக்கு

மெக்ஸிகோவுக்குத் தெற்கிலும் குவாதமாலாவுக்குக் கிழக்கிலும் கரிபியன் கடலை நோக்கி அமைந்துள்ள பெலிஸ் என்னும் சிறிய நாட்டின் மேற்குப் பிரதேசத்தில், மழைநீர் சுண்ணாம்புப் பாறையை யுக யுகாந்தரமாகக் கரைத்துக் குடைந்த குகைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் பண்டை மாயர்கள் தீப்பந்தங்களை ஏந்திக்கொண்டு பிரவேசித்து, தங்கள் தெய்வங்களுக்குப் படையலும் பலியும் இட்டு, பானைகளையும் சாம்பலையும் மனித அஸ்திகளையும் இட்ட இடத்திலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். இவற்றில் சிலவற்றை, தகுந்த வழிகாட்டியோடு வருகிற யாத்திரிகர் இன்று பார்க்க முடியும். போக விரும்புகிறவர் தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் குகைக்குள் தம்மால் தடுமாறாமல் நடந்து திரும்ப முடியும்? கீர்த்தி, படங்களில் கண்ட அழகு, நண்பர்கள் சொன்ன விசேஷம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மியூஸியங்களில் பழம்பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. நாம் எப்படி நடந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் நேர்வதில்லை. இந்தக் குகைகளிலோ, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் கையிலிருந்து இறக்கி வைத்த பானை நம் கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. களைத்துப் போனவரும், இருட்டுக்கு அஞ்சியவரும், பொருந்தாத பாதரட்சை அணிந்து வந்தவருமே பெரும்பாலும் கால் இடறுகிறார்கள். இடறிய காலோ, ஊன்றத் தேடிய கையோ எதன்மேல் விழும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே தேக பலத்துக்கு ஏற்ற குகையைத் தேர்ந்துகொள்வதும், அதற்கு வேண்டிய ஆயத்தங்களைச் செய்துகொள்வதும் நம்முடைய க்ஷேமத்துக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அந்தக் குகையின் க்ஷேமத்துக்கும் அவசியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கீழே நான் சொல்லப்போகிற தராதரங்களெல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவையே.

மாயர்களுக்குக் குகை என்பது என்ன என்பதைச் சிறிது தெரிந்துகொண்டு போவது நல்லது. அது பாதாள உலகத்தின் வாயில். கீசே மாயர்களின் புராணமாகிய போபோல் வூ, அந்தப் பாதாளத்தை ஷிபால்பா என்று அழைத்து, அதன் அதிபதிகளை ஹுனாப்பூ, ஷ்பலாங்கே என்ற இரட்டைச் சகோதரர்கள் வென்ற கதையை விஸ்தாரமாகக் கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஷிமேனெஸ் என்ற பாதிரியார் பிரதி செய்து வைத்ததால் அந்நூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. குகை மழைத் தெய்வமாகிய சாக்கின் வாசஸ்தலமும் ஆகும். மேகமும் மின்னலும் காற்றும் அங்கிருந்தே புறப்படுவதாக அவர்கள் நம்பினார்கள். கி.பி. 700 முதல் 900 வரையுள்ள காலத்தில், தெற்குத் தாழ்நிலத்து நகரங்கள் ஒவ்வொன்றாகப் பாழடையத் தொடங்கிய அந்த நெருக்கடியான இரண்டு நூற்றாண்டுகளில், குகைகளின் ஆழத்துக்குள் சென்று வழிபடுவது மிகுந்திருக்கிறது என்றும், மழை பொய்த்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் ஹோலி மோயஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த வறட்சிக்குக் குகைகளே சாட்சியம் வைத்திருக்கின்றன. பெலிஸின் தென்கோடியிலுள்ள யோக் பாலும் குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு சுண்ணக் கூம்பின் அடுக்குகளைப் பரிசோதித்து, ஏறத்தாழ 2,000 ஆண்டு மழையின் ஏற்ற இறக்கத்தை விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2012இல் வெளியிட்டார்கள். மழைக்காக மன்றாடியவர்களின் பானைகளும், அந்த மழை வராமற்போனதன் பதிவும் ஒரே வகைப் பாறைக்குள் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்கு, அங்கே காண்பதெல்லாம் வேறு விதமாகத் தோன்றும்.

இனித் தேர்வு. மேற்குப் பிரதேசத்திலுள்ள காயோ மாவட்டத்திலும் அதை அடுத்தும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் போகிற மாயர் குகைகள் நான்கு. அவற்றுள் தலையாயது, கற்சமாதிக் குகை என்று பொருள்படும் ஆக்டுன் துனிச்சில் முக்னால். தாமஸ் மில்லர் என்ற நிலவியலாளர் 1980களில் இதை வெளியுலகுக்கு அறிவித்தார். பெலிஸ் நாட்டவரான ஜெய்மி ஆவே என்ற தொல்லியலறிஞர் 1990களில் தம் குழுவினரோடு உள்ளே ஆராய்ச்சி நடத்தினார். வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட டாபிர் மலைக் காப்பகத்துக்குள் இது இருக்கிறது. டீகெட்டில் என்ற கிராமத்தருகே நெடுஞ்சாலையை விட்டு மண் சாலையில் திரும்பி, வாகனம் நிற்குமிடத்தில் இறங்கி, சுமார் முக்கால் மணி நேரம் காட்டு வழியில் நடக்க வேண்டும். வழியில் ரோரிங் க்ரீக் என்ற ஆற்றை மூன்று முறை கடக்க வேண்டும். குகை வாயிலோ, மணற் கடிகாரத்தின் வடிவில் இடை சிறுத்து மேலும் கீழும் விரிந்த ஒரு பாறைத் திறப்பு. அதன் அடியில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு மடு. அந்த மடுவைச் சில கெஜ தூரம் நீந்தியே உள்ளே புக வேண்டும், வேறு வழி கிடையாது.

நீந்திய பிறகு நடை தொடங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் கணுக்காலளவும், சில இடங்களில் மார்பளவும் உள்ள குளிர்ந்த நீரோட்டத்தை எதிர்த்து, கண்ணுக்குத் தெரியாத கற்களைக் காலால் துழாவிக்கொண்டு, சுமார் அரைக் கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். ஓரிடத்தில் இரு பாறைகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே உடம்பு நீருக்குள் இருக்க, கழுத்தை மாத்திரம் அந்த இடுக்கில் பக்கவாட்டாக நுழைத்து அப்பால் எடுக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டி தலையை எந்தப் பக்கம் சாய்க்கச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் சாய்த்தால் பயமில்லை. பிறகு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஒரு பாறைமீது கையும் காலும் ஊன்றி ஏறி, மேல் தளத்தை அடைந்ததும் பாதரட்சைகளைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மட்டும் நடக்க வேண்டும். அங்கேதான் பிரதான மண்டபம்.

அந்த மண்டபத்தின் தரை, தண்ணீர் தேங்கித் தேங்கி வற்றியதனால் சிறுசிறு பாத்திகளாகக் கல்வரப்பு எழுந்த தரை. பானைகள் அந்தப் பாத்திகளில் பாதி புதைந்து, வாய் உடைந்தும் சரிந்தும் கிடக்கின்றன. பலவற்றில் வேண்டுமென்றே ஒரு துளை இட்டிருக்கிறார்கள் அல்லது விளிம்பில் ஒரு துண்டைப் பெயர்த்திருக்கிறார்கள், பாத்திரத்தின் உயிரை விடுவிப்பதற்காக என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஒரு பானையின் தோளில் விரற்கடை அளவில் ஒரு குரங்கின் உருவம் இருக்கிறது. வழிகாட்டி விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தாலொழிய அது கண்ணில் படாது. குழந்தைகளும் பெரியவர்களுமாக 14 பேருடைய எலும்புகள் இந்தக் குகையில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சிலருடைய மண்டையில் அடிபட்ட குறியும், சிலருடைய நெற்றியில் சிசுப் பருவத்திலேயே பலகை கட்டித் தட்டையாக்கிய வடிவமும் தெரிகின்றன. ஓர் அலுமினிய ஏணியின் வழியே ஏறினால், ஒரு சிறு அறையில் மல்லாந்து கிடக்கும் ஓர் எலும்புக்கூட்டைக் காணலாம். அதன்மேல் சுண்ணப் படிகம் பூத்து விளக்கொளியில் மினுமினுப்பதால் பளிங்குக் கன்னி என்று பெயர் வழங்கிவிட்டது. அது ஏறத்தாழ இருபது வயதுப் பெண் என்று முதலில் எண்ணினார்கள். ஓர் இளைஞனாக இருக்கலாம் என்பது பிற்கால அபிப்பிராயம். கால்களும் கைகளும் அகன்று கிடக்கிற அந்தக் கிடையைப் பார்க்கும்போது, ஆணா பெண்ணா என்ற விசாரம் நமக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இதைவிடச் சிறந்தது என்று வேறொரு குகையை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் எல்லாருக்கும் இதைச் சிபார்சு செய்ய மாட்டேன். முழங்கால் வலி உள்ளவரும், இதய நோயுள்ளவரும், கர்ப்பிணிகளும், நெருக்கமான இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்கிறவரும், கழுத்தளவு நீரில் நிதானம் இழக்கிறவரும் இதை விட்டுவிடுவதே உசிதம். நீச்சல் தெரியாதவர் மிதவை அங்கி அணிந்து, வழிகாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு மடுவைக் கடந்துவிடலாம்; ஆனால் நீரைக் கண்டு அஞ்சுகிறவருக்கு அங்கியால் பயனில்லை, ஏனென்றால் உள்ளே ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீரோடும் இருட்டோடும்தான் சகவாசம்.

அப்படிப்பட்டவர்களுக்கு உகந்தது பார்ட்டன் க்ரீக் குகை. இதில் நடையே இல்லை. வழிகாட்டி துடுப்புப் போட, ஒரு சிறு படகில் உட்கார்ந்தபடியே ஆற்றோடு சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பலாம். நீர் சலனமின்றி இருக்கும். கூரை ஓரிடத்தில் கோயில் மண்டபம் போல உயர்ந்தும், ஓரிடத்தில் தலை குனிய வைக்கும் அளவுக்குத் தாழ்ந்தும் வரும். இங்கும் 28 பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகளை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள பாறைத் திண்ணைகளில் இருப்பதால், படகிலிருந்து விளக்கைப் பாய்ச்சிப் பானை விளிம்புகளையும் ஒன்றிரண்டு எலும்புகளையும் தூரத்திலிருந்தே பார்க்க முடியும். இந்தத் தூரம் ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒரு குணமாகவே படுகிறது; வயோதிகரும் சிறுவரும் உள்ள ஒரு குடும்பம் யாதொரு பொருளுக்கும் தீங்கு செய்ய வாய்ப்பே இல்லாமல் ஒரு மாயர் ஸ்தலத்தைத் தரிசிக்கக் கூடிய இடம் இதைப் போல் வேறில்லை. போகிற வழியில் மெனோனைட் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு இருக்கிறது. 1958 முதல் பெலிஸில் குடியேறிய அந்த மதத்தாருள் மிகவும் ஆசாரமான பிரிவினர் இங்கே மோட்டார் வாகனங்களை ஒதுக்கிக் குதிரை வண்டியில் போகிறார்கள்; தங்களைப் படம் பிடிப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

மூன்றாவது செச்செம் ஹா. குவாதமாலா எல்லைக்கு அருகில், பெங்கே வியெஹோ என்ற ஊருக்குத் தெற்கே, ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலத்தில் 1989இல் வெளிப்பட்ட குகை இது. வேட்டைக்குப் போன ஒருவருடைய நாய் ஒரு பொந்துக்குள் நுழைந்ததால் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். இதில் ஆறு ஓடவில்லை. செங்குத்தான குன்றின்மேல் அரை மணி நேரம் ஏறினால் வாயில்; உள்ளே பாறை விளிம்புகளில், ஒருவர் இரு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய பெரிய சேமப் பானைகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. அந்த விளிம்புகளுக்கு மர ஏணிகளில் ஏற வேண்டும். ஆழத்திலுள்ள அறைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், அங்கே நடுவில் ஒரு சிறு கல் நட்டு வைத்திருக்கிறது. நீருக்கு அஞ்சுகிறவர், ஆனால் ஏறவும் இறங்கவும் காலில் பலமுள்ளவர், இதை விரும்புவார். பானைகளையே பிரதானமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு முதற் குகையைவிட இது திருப்தியளிக்கலாம். மனித எலும்புகளைப் பார்க்க மனம் ஒப்பாதவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தத் தயக்கம் மதிக்கத் தக்க தயக்கம்.

நான்காவதாகிய நோஹோச் சேன், காற்றடைத்த ரப்பர் வளையத்தில் சாய்ந்துகொண்டு ஆற்றோடு குகைக்குள் மிதந்து போகிற இடம். பெலிஸ் நகரத்துக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வருவது இங்கேதான். நீர் விளையாட்டாக எண்ணிப் போனால் சந்தோஷமான ஒரு பொழுது கிடைக்கும். மாயர்களைத் தேடிப் போகிறவருக்கு மற்ற மூன்றில் ஒன்றே தக்கது.

ஆக்டுன் துனிச்சில் முக்னாலுக்குப் போவதென்று தீர்மானித்தவர் ஒரு விதியை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டு புறப்பட வேண்டும். 2012இல் ஒரு யாத்திரிகர் கையிலிருந்த காமிரா நழுவி ஒரு மண்டையோட்டின்மேல் விழுந்து அதை உடைத்தது. அதன் பிறகு எந்த விதமான காமிராவையும் உள்ளே கொண்டுபோகக் கூடாதென்று தடை விதித்துவிட்டார்கள். கைப்பேசியும் இதில் அடக்கம். படமெடுக்காமல் திரும்ப மனமில்லாதவர் பார்ட்டன் க்ரீக்குக்குப் போகலாம். கவனக்குறைவைவிட மோசமான கேட்டுக்கும் உதாரணம் உண்டு. குவாதமாலாவின் பெத்தேன் காட்டிலுள்ள நாஹ் துனிச் குகையில் மாயர் எழுத்துக்களும் சித்திரங்களும் சுவரில் கரியால் தீட்டப்பட்டிருந்தன. 1989இல் யாரோ சில துஷ்டர்கள் அவற்றில் பலவற்றைத் தேய்த்தும் கீறியும் பாழாக்கிவிட்டார்கள். அந்தச் சித்திரங்களை இனி மீட்க முடியாது. இந்த இரண்டு சம்பவங்களையும் ஒருங்கே நினைக்கிறபோது, தடையைக் கடுமையென்று குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

பருவத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பெலிஸில் ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். பிப்ரவரி முதல் மே வரை வறண்ட காலம். இந்தப் பிரதேசத்தில் மழை பெய்தால் ஆபத்து தலைக்கு மேலேயிருந்து வருவதில்லை. தெற்கே மாயா மலைத் தொடரில் நேற்றிரவு பெய்த மழை, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்களில் இறங்கி, இன்று காலை குகைக்குள்ளே ஆறாகப் பெருகும்; வாகனம் நிற்குமிடத்தில் வானம் நிர்மலமாக இருக்கலாம், ஆனால் ஆற்றின் நிறம் கலங்கி, நீர் நேற்றைய குறியைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஆக்டுன் துனிச்சில் முக்னாலை மூடிவிடுவார்கள், திறந்திருந்தாலும் வழிகாட்டி திரும்பிவிடலாம் என்று சொல்லக்கூடும். அந்தச் சொல்லுக்கு எதிர்வாதம் செய்யக் கூடாது. மழைக்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்கிறவர்கள் ஆறில்லாத செச்செம் ஹாவை மாற்றாக வைத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். வறண்ட காலத்தின் குறை, கூட்டம் அதிகம் என்பது. ஆயினும் அதிகாலையில் முதல் குழுவாக நுழைகிறவர்களுக்கு மண்டபம் வெகுவாகத் தனிமையில் கிடைக்கும்.

தங்குமிடம் மூன்று விதமாக அமையலாம். சான் இக்னாசியோ என்ற ஊரில் தங்குவது செலவிலும் சிரமத்திலும் குறைந்தது. அங்கே வழிகாட்டிகளின் காரியாலயங்கள் கடைத்தெருவிலேயே இருப்பதால் நேரில் போய்ப் பேசிப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். பெலிஸ் முழுவதும் ஆங்கிலம் ஆட்சிமொழியாதலால் பேச்சில் சங்கடமில்லை. ஊருக்கு வெளியே காட்டோரத்து விடுதிகளில் தங்குவது சௌகரியமானது, ஆனால் செலவு அதிகம். விடுதிக்காரர் தம் வழிகாட்டியையே அனுப்புவார், தேர்வு நம் கையில் இராது. கடற்கரைத் தீவுகளிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. விடியுமுன் படகில் ஏறி, பிறகு நாட்டின் குறுக்கே வாகனத்தில் வந்து, நடந்து, நீந்தி, ஏறி, மறுபடி அதே வழியில் திரும்புவதென்றால், குகைக்குள் நுழையும்போதே பாதி பலம் போயிருக்கும். களைத்த கால் இடறும் என்று தொடக்கத்தில் சொன்னதை இங்கே மறுபடி நினைவூட்டுகிறேன். இந்த ஒரே நாள் ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

வழிகாட்டியைத் தேர்வதில் கட்டணத்தைவிட முக்கியமானவை சில. அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஆக்டுன் துனிச்சில் முக்னாலுக்குள் யாரும் போக முடியாது. ஒரு வழிகாட்டி எட்டுப் பேருக்கு மேல் அழைத்துப் போகவும் கூடாது. எட்டுப் பேரென்பது உச்ச வரம்பு. நாலைந்து பேராகப் போனால், கடைசியில் வருகிறவருக்கும் விளக்கம் காதில் விழும், எங்கே கால் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் சரியான சமயத்தில் எட்டும். ஆகவே குழுவில் எத்தனை பேர், மாற்று விளக்கும் முதலுதவிப் பெட்டியும் கையோடு வருமா, வெள்ளத்தால் குகை மூடப்பட்டால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் கிடைக்குமா, மதிய உணவும் நுழைவுக் கட்டணமும் தலைக்கவசமும் தொகையில் அடங்குமா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சைவ உணவுதான் வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், காட்டு முகப்பில் போய்க் கேட்டால் கிடைக்காது. இரண்டு பெலிஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம்; எந்த டாலரில் தொகை சொல்கிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் மனஸ்தாபம் நேரிடும்.

பாதரட்சை விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறான தேர்வு செய்கிறார்கள். மலையேற்றத்துக்கென்று விற்கிற கனமான தோல் பூட்ஸ் கணுக்காலைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அது முதல் ஆற்றிலேயே நீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் காலில் கட்டிய பாரமாகிவிடும். வார்ச் செருப்பில் நீர் தங்காது, ஆனால் கூழாங்கற்கள் நுழைந்து பாதத்தை அறுக்கும், பாறையில் மோதும் விரலுக்கும் பாதுகாப்பில்லை. ரப்பர்ச் செருப்போடு வந்தவரை வழிகாட்டிகள் அழைத்துப் போகவே மாட்டார்கள். நீர் விளையாட்டுக்கென்று விற்கிற மெல்லிய துணிச் சப்பாத்தில் கூரிய கற்கள் ஒவ்வொன்றும் தைக்கும். பழகித் தேய்ந்த ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து, மேற்புறம் வலைத்துணியாக இருந்து நீரை உடனே வெளியேற்றக் கூடியதாகவும், அடிப்புறம் வரிகள் மழுங்காமலும், நாடாவால் இறுக்கிக் கட்டக் கூடியதாகவும் இருந்தால், அதுவே எல்லாவற்றிலும் மேல். புதியதை வாங்கி அன்றைக்கே அணிவது கொப்புளத்தை வரவழைத்துக்கொள்வதாகும்.

காலுறையை மறந்தவர் பிரதான மண்டபத்தின் வாயிலில் நின்றுவிட வேண்டியதுதான். நம் தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் படிகத் தரையில் படக் கூடாதென்பதற்காகவும், சப்பாத்து அணிந்த காலைவிடக் காலுறை அணிந்த கால் தரையை உணர்ந்து மெதுவாக அடி வைக்கும் என்பதற்காகவும் இந்த ஏற்பாடு. தடித்த காலுறையை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சப்பாத்துக்குள் அணிந்துகொண்டு விடலாம். எப்படியும் நனையப் போகிறது.

உடைகளில் ஜீன்ஸ் எல்லாவற்றிலும் மோசமானது, நனைந்தால் கனக்கும், முழங்காலை மடக்க விடாது, உலரவும் உலராது. பருத்தியும் ஈரத்தை விடாமல் குளிரேற்றும். விரைவில் உலரும் செயற்கைத் துணியில் முழுக் கால்சட்டையும் முழுக் கைச்சட்டையுமே தக்கவை. பாறையில் முழங்கால் உராய்வதற்கும், காட்டில் கொசு கடிப்பதற்கும் இரண்டுக்கும் அதுவே காப்பு. கொசு மருந்தையும் வெயில் பூச்சையும் தாராளமாகத் தடவிக்கொண்டு ஆற்றில் இறங்கினால் அவை நீரில் கலந்து அங்குள்ள மீன்களுக்கும் பூச்சிகளுக்கும் கேடு செய்யும். ஆகையால் துணியால் உடம்பை மூடிக்கொள்வதையே நான் சொல்வேன். மூக்குக்கண்ணாடி அணிகிறவர் அதைத் தலைக்குப் பின்னால் ஒரு நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். காமிரா நழுவியது போலக் கண்ணாடியும் நழுவும். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடலாம். முதுகில் பையைச் சுமந்து போவதும் வேண்டாம், அதன் புடைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பானையைத் தட்டக் கூடும். மாற்று உடையும், துண்டும், குடிநீரும் வாகனத்தில் இருந்தால் போதும்.

ஆரோக்கியம் பற்றிச் சில வார்த்தைகள். காலில் ஆறாத புண் இருந்தால் பிரயாணத்தை ஒத்திப்போடுவது நல்லது, காட்டாற்று நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக் கூடும். வௌவால் எச்சம் உலர்ந்து தூளாகக் கிடக்கும் குகைகளில் ஒரு வகைப் பூஞ்சையைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோய் வரலாம்; ஆஸ்த்மா உள்ளவரும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவரும், விசேஷமாகச் செச்செம் ஹா போன்ற உலர்ந்த குகைக்குப் போகுமுன், வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெலிஸுக்குச் சான்று அளித்திருக்கிறது. டெங்கு இன்னும் இருக்கிறது.

காட்டு வழியில் விஷப் பாம்புகள் உண்டு, ஆனால் பாதையை விட்டு விலகாமல் வழிகாட்டியின் பின்னால் போகிறவர் அஞ்ச வேண்டியதில்லை. அதைவிட அடிக்கடி நேர்வது வேறு. ஏற்றத்தில் கால் வழுக்கும்போது பக்கத்திலுள்ள மரத்தைச் சட்டென்று பற்றுவது மனித சுபாவம். அந்தக் காட்டிலோ, தண்டு முழுவதும் ஊசி போன்ற முட்கள் அடர்ந்த ஒரு வகைப் பனை பாதையோரத்திலேயே நிற்கிறது. கறுத்த பால் வடிந்து தோலைக் கொப்புளிக்கச் செய்யும் செச்செம் மரமும் நிற்கிறது. ஆகவே எதையும் பார்க்காமல் பற்றக் கூடாது. இந்தப் பழக்கத்தை நடைபாதையிலேயே கற்றுக்கொண்டுவிட்டால் குகைக்குள் அது பெரிதும் உதவும், ஏனெனில் அங்கே கை ஊன்றத் தக்க பாறையையும் ஊன்றத் தகாத படிகத்தையும் வழிகாட்டி விளக்கால் காட்டிக்கொண்டே போவார், மண்டபத்தில் தரைமேல் இட்ட நாடாவுக்கு இப்பால்தான் கால் வைக்க வேண்டும் என்பார். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்கு ஒவ்வோர் எச்சரிக்கையையும் வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கம். கூச்சப்படாமல் உரக்கச் சொல்ல வேண்டும்.

அவகாசம் உள்ளவர்கள் குகைக்கு முதல் நாள், சான் இக்னாசியோ ஊருக்குள்ளேயே குன்றின்மேல் உள்ள காஹால் பெச்சையோ, மோப்பான் ஆற்றுக்கு அப்பால் சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கோபுரத்தையுடைய ஷுனாந்துனிச்சையோ பார்த்துவிட்டு வருவது மிகவும் நல்லது. குகைக்குள் பானை சுமந்து வந்தவர்கள் எப்படிப்பட்ட முற்றங்களிலும் மேடைகளிலும் வாழ்ந்தவர்கள் என்பதைக் கண்ணால் கண்டிருந்தால், எலும்புகளைப் பார்க்கிறபோது அவர்கள் மனிதர்களாகவே நம் மனத்தில் தோன்றுவார்கள். குவாதமாலாவிலுள்ள மாயர் நகரமாகிய திக்காலுக்குப் போகிறவர்களும் சான் இக்னாசியோ வழியாகவே எல்லையைக் கடக்கிறார்கள். குகையையும் திக்காலையும் ஒரு பிரயாணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நாட்களை வகுக்கும்போது குகையைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்காதிருப்பது அவசியம். காயோவில் நான்கு நாள் தங்குவதானால், இரண்டாம் நாளைக் குகைக்கென்று வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளை எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் சும்மா விட்டுவைக்க வேண்டும். மலையில் மழை பெய்து ஆறு பெருகினால் அந்த மூன்றாம் நாள் கைகொடுக்கும். பெருகாவிட்டால், முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பார்ட்டன் க்ரீக்கில் படகேறிப் போய் வரலாம்.